தன் கையும் தன் கண்ணும்

“தன் கையே தனக்கு உதவி” என்றனர் நம் முன்னோர். “ஆழமறியாமல் காலை விடாதே” என்று சொல்லிவைத்தவர்களும் அவர்களே. இவ்விரண்டில் எதனை எப்பொழுது கேட்பது என்னும் வினாவைச் சென்ற ஞாயிறு காலையில் ஒரு மோட்டார் சைக்கிள் நம் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

வண்டி வருமுன் அதன் ஓசை வந்தது. கட்டுக்கலைச் செல்வ விநாயகர் கோயிலில் பூசை மணி ஒலிக்கும் வேளை. அந்த மணியோசையை விழுங்கிக்கொண்டு வந்து நின்ற வண்டியிலிருந்து இறங்கியவர், சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் உயர்தர வகுப்பில் பயின்ற இளைஞர். கலஹாவில் பெற்றோருடன் வாழ்கிறார். பேராதனையில் வேலை. தந்தையார் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். மாதம் ஒருமுறை கண்டி ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய நோயாளி. மகன் வேலைக்குச் செல்வதும், தந்தை மருத்துவரிடம் வருவதும் அந்த ஒரு வண்டியில்தான்.

தேநீர் அருந்தியபின் இளைஞர் தம் எண்ணத்தை வெளியிட்டார். வண்டி பழையது, இருவர் ஏறினால் மலையில் திணறுகிறது. ஆகவே முன் பற்சக்கரத்தைச் சிறிதாக்க வேண்டும். இரவில் வழி தெரிய விளக்கைப் பெரிதாக்க வேண்டும். கைப்பிடியை மாற்ற வேண்டும். பின் ரயரை அகலமாக்க வேண்டும். சைலன்சரைத் தாமே திறந்து உள்ளிருந்த தகடுகளை முன்னமே நீக்கிவிட்டார். அதன் பயனைத்தான் நாமும் அயலாரும் சற்று முன் கேட்டோம்.

“கராஜில் கூலியே பெருந்தொகை சொல்கிறார்கள், சேர். கைபேசியில் படம் பார்த்து நானே செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். அப்பா வேண்டாம் என்கிறார். நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்” என்றார்.

இந்த வினா அவர் ஒருவருக்கு உரியதன்று. இலங்கையில் பதிவு பெற்ற வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில். இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்தாண்டுகள், இருந்த வண்டியை இருந்தபடியே காப்பாற்றுவதில் கழிந்தன. 2022ஆம் ஆண்டு ஜூலையில் எரிபொருள் அனுமதி முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோலே முதலில் கிடைத்தது. ஒவ்வொரு துளியையும் எண்ணிய அக்காலத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் ஸ்பானரைக் கையில் எடுத்தார்கள். ஏழ்மை கற்பித்த அக்கல்வியை நாம் இகழமாட்டோம். ஆனால் கற்றது எவ்வளவு, கல்லாதது எவ்வளவு என்று அளந்து பார்ப்பது நன்று.

தன் கையால் செய்வதன் பெருமைக்குச் சான்று தேடித் தொலைவில் போகவேண்டுவதில்லை. கோயம்புத்தூரின் அறிஞர் ஜி. டி. நாயுடு (1893–1974) இளமையில் ஓர் ஆங்கில அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்து அத்தகைய வண்டியைத் தமதாக்கிக்கொண்டார். பெற்றவர் அதில் ஏறி ஊர்வலம் போகவில்லை. உறுப்பு உறுப்பாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார், பூட்டிக் கழற்றி அதன் இயல்பை அறிந்தார். அவ்வறிவே பின்னர் 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்துடன் தொடங்கிய பெருந்தொழிலுக்கு விதையாயிற்று.

நியூசிலாந்தின் பேர்ட் மன்றோவின் கதை இன்னும் விந்தையானது. 1920ஆம் ஆண்டின் ‘இந்தியன் ஸ்கவுட்’ என்னும் வண்டி அவரிடம் இருந்தது. விற்பனைக்கு வந்தபோது அதன் வேகம் மணிக்கு 55 மைல் அளவே. அவர் பழைய தகரப் பேணிகளை அச்சாக வைத்து உலோகம் உருக்கி வார்த்து, தமக்கு வேண்டிய பிஸ்டன்களைத் தாமே செய்துகொண்டார். 1967ஆம் ஆண்டில், தமது 68ஆவது வயதில், அமெரிக்காவின் பொன்வில் உப்பு வெளியில் மணிக்கு 183 மைலுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 295 கிலோமீற்றர் வேகத்தில் அந்தக் கிழ வண்டியை ஓட்டிச் சாதனை நாட்டினார்.

இளைஞரின் முகம் மலர்ந்தது. “பார்த்தீர்களா, சேர்! நாமே செய்தால்தான் சிறப்பு” என்றார்.

“கதையில் பாதியைத்தான் கேட்டிருக்கிறீர், தம்பி” என்றோம். நாயுடு வண்டியைக் கழற்றியது அதனை அறிவதற்காக, அழகுபடுத்துவதற்காக அன்று. மன்றோ பல்லாண்டுகள் ஒரே வண்டியுடன் வாழ்ந்து, எண்ணற்ற முறை தோற்றுத் தோற்றுக் கற்றவர். அவர் அவ்வேகத்தில் ஓடியது ஆளற்ற உப்பு வெளியில். அங்கே எதிரே பேருந்து வராது; பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் இல்லை; பின்னிருக்கையில் நோயுற்ற தந்தையும் இல்லை. அவருடைய துணிவை நாம் எடுத்துக்கொண்டு, அவருடைய ஆண்டுகளையும் உப்பு வெளியையும் விட்டுவிடுதல் முறையாகுமா?

இவ்வாறு பிறருக்குச் சொல்வது எளிது. நம் கதையையும் சொல்லிவிடுகிறோம்; நேயர்கள் நகைக்கக்கூடும், அதனால் குற்றமில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நம்மிடமும் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. பின் சில்லு காற்றிழந்த ஒருநாள், கூலியை மிச்சப்படுத்தும் ஆசையும் சிறிது வீம்பும் சேர, நாமே சில்லைக் கழற்றி ஒட்டுப்போட்டுத் திரும்பப் பூட்டினோம். டிரம் பிரேக் உள்ள வண்டிகளில், பிரேக் தகடு சில்லோடு சேர்ந்து சுழன்றுவிடாதபடி ஓர் இரும்புச் சட்டம் அதனை வண்டியின் உடலோடு பிணைத்து நிற்கும். அச்சட்டத்தின் நட் கழன்றுவிடாமல் காப்பது, ஊசி போன்ற ஒரு சிறு பிளவுக் கம்பி. பழைய கம்பி கழற்றும்போதே முறிந்துவிட்டது. “நட்டைத்தான் இறுக்கிவிட்டோமே, கம்பியை நாளைக்கு வாங்கலாம்” என்று எண்ணினோம். அந்த நாளை வரவேயில்லை.

மூன்று வாரம் சென்றபின், மனைவியாரைப் பின்னிருத்திக் கலஹாப் பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து பேராதனைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் பிரேக்கை மிதித்ததும் “கடக்” என்று ஓசை. நட் என்றோ கழன்று விழுந்திருக்கிறது. அன்று ஆணியும் நழுவிற்று. தகடு சுழன்று கம்பிகளை முறுக்கிச் சில்லை இறுகப் பிடித்துவிட்டது. வண்டி சறுக்கி மலைப் பக்கத்துத் தேயிலை வரம்பில் மோதிச் சாய்ந்தது. மறுபக்கம் சாய்ந்திருந்தால் பள்ளம். நமக்குச் சிராய்ப்பு, மனைவியாருக்கு மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் அவர் ஒற்றைக் கையால் சமைத்த உணவை நாம் உண்டோம். அவர் ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை என்பதே நமக்குக் கிடைத்த தண்டனை.

வண்டியைத் திருத்தித் தந்த மெக்கானிக் முதியவர். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். உடைந்ததை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, “நீங்கள் செய்த வேலை பிழையில்லை, சேர். முடிக்காமல் விட்டதுதான் பிழை” என்றார். பட்டம் பெற்ற நாம் அன்று அவர்முன் மாணாக்கராய் நின்றோம்.

அப்படியானால் பணத்தைக் கொடுத்து எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிட்டால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. நம் நண்பர் ஒருவர் ஒரு கராஜில் பெருந்தொகை கொடுத்து வண்டிக்கு மேலதிக விளக்குகள் பூட்டுவித்தார். வேலை முடியும்வரை அவர் எதிர்க்கடையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். செய்தவர் பியூஸும் வைக்கவில்லை, ரிலேயும் வைக்கவில்லை, பழைய மெல்லிய கம்பியிலேயே புதிய கம்பியைச் சுற்றி நாடா ஒட்டிவிட்டார். பத்தாம் நாள் இரவு இருக்கையின் கீழிருந்து புகை வந்தது. வண்டி எரியாமல் தப்பியது நண்பரின் நல்வினை. கூலி கொடுத்துவிட்டதால் கவலையையும் கொடுத்துவிட்டதாக அவர் எண்ணியிருந்தார். வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைத்தல் இயலாது.

ஆகவே “நாமா, மெக்கானிக்கா” என்று கேட்பதற்கு முன் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று உண்டு என்பது நம் கருத்து.

முதலாவது: இவ்வேலை பிழைத்தால் வண்டி நிற்குமா, நாம் விழுவோமா? ஸ்பார்க் பிளக் சரியாகப் பொருந்தாவிட்டால் வண்டி நிற்கும். தள்ளிக்கொண்டு வீடு சேரலாம். பிரேக், சில்லின் அச்சு, முன் கவை, கைப்பிடி ஆகியவை பிழைத்தால் விழுவோம். கண்டியைச் சூழ்ந்த எந்தச் சாலையிலும் விழுவதற்குப் பள்ளம் ஆயத்தமாக இருக்கிறது. நிற்கக்கூடியதை நாம் செய்து பழகலாம். விழக்கூடியதைப் பழகிய கையிடம் விடவேண்டும்.

இரண்டாவது: இதற்கு உரிய கருவி நம்மிடம் உண்டா? ஒவ்வொரு நட்டுக்கும் இவ்வளவு இறுக்கம் என்று தயாரிப்பாளர் அளவு குறித்திருக்கிறார். அதனை அளக்கும் ஸ்பானர் இல்லாதவன் கைவலிமையை நம்பி இறுக்குகிறான். குறைந்தால் கழலும், மிகுந்தால் புரி அறும்.

மூன்றாவது: சட்டமும் அயலாரும் இதனை ஏற்பார்களா? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே பல திருத்தங்களுடன் நம் சாலைகளை ஆள்கிறது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தின்கீழ்ப் பேருந்துகளிலும் முச்சக்கரவண்டிகளிலும் பூட்டியிருந்த மேலதிகப் பொருள்களைப் பொலிஸார் கழற்றச் செய்ததை நேயர்கள் மறந்திரார். காசு கொடுத்துப் பூட்டியதைத் தெருவில் நின்று கழற்றுவதைவிடத் துன்பம் வேறில்லை. விபத்து நேர்ந்தபின் காப்புறுதி நிறுவனம் எழுப்பக்கூடிய கேள்விகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இம்மூன்று வினாக்களையும் வைத்துக்கொண்டு இளைஞரின் விருப்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம்.

முன் பற்சக்கரத்தில் 14 பற்களும் பின்னதில் 42 பற்களும் உள்ளன என்று கொள்வோம். முன்னது மும்முறை சுற்றினால் சில்லு ஒருமுறை சுற்றும். முன்னதை 13 பற்களாகக் குறைத்தால் அவ்விகிதம் 3.23 ஆகிறது. சில்லில் இழுக்கும் வலிமை நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு கூடுகிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் இதன் பயன் தெரியும். ஆனால் இயற்கை எதனையும் இலவசமாய்த் தருவதில்லை. குருநாகல் பக்கத்துச் சமவெளியில் அதே வேகத்தில் செல்ல, எஞ்சின் அந்த ஏழெட்டுப் பங்கு மிகுதியாகச் சுழலவேண்டும். ஓசையும் எரிபொருளும் கூடும். சிறிய பற்சக்கரத்தில் சங்கிலி கூடுதலாக வளைவதால் தேய்வும் விரையும். நாள்தோறும் மலையேறுபவருக்கு இது தகும். சமவெளியில் ஓடுபவருக்குத் தகாது. தேய்ந்த சங்கிலியைப் புதிய பற்சக்கரத்தில் மாட்டுதல் வீண். மூன்றையும் ஒருசேர மாற்றுவதே சிக்கனம். சங்கிலியைப் பூட்டும்போது பின் அச்சைத் தளர்த்தவேண்டியிருப்பதால், முதல்முறை இது மெக்கானிக்கின் கைக்கு உரியது.

விளக்கின் செய்தி மாணவர்களுக்குப் பௌதிகப் பாடமாகும். 12 வோல்ட் வண்டியில் 35 வாட் விளக்கு ஏறக்குறைய 3 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. 60 வாட் விளக்கு 5 அம்பியரை இழுக்கிறது. கம்பியில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது 9இற்கு 25 என்ற அளவில், ஏறக்குறைய மூன்று மடங்கு. நண்பரின் வண்டி புகைந்த காரணம் இப்பொழுது விளங்கும். அன்றியும் விளக்கின் கண்ணாடிக் குழிவு, குறித்த இடத்தில் எரியும் இழைக்கென அமைந்தது. அவ்விடத்தில் வேறுவகை விளக்கைச் செருகினால் ஒளி சாலையில் விழாது. எதிரே வருபவர் கண்ணில் விழும். ஹந்தானைப் பக்கத்து மூடுபனியில் அவ்வொளி திரும்பி நம் கண்ணையே கூசச்செய்யும். அவருடைய வண்டியில் மங்கியிருந்தது விளக்கன்று, கண்ணாடி. துடைத்து, வளைவின் உயரத்தைச் சரிசெய்தாற் போதும். இதனை அவரே செய்யலாம்.

கைப்பிடியை உயர்த்தினால் கம்பிகளின் நீளம் போதாது. திரும்பும்போது எரிபொருள் கம்பி இழுபட்டு, நாம் வேண்டாத நேரத்தில் வண்டி பாயும். ரயரை அகலமாக்கினால் சங்கிலியில் உராயும். ஒடுங்கிய வளையத்தில் அகன்ற ரயர் தன் வடிவிழந்து, வளைவில் சாயும்போது நம்பிக்கை கொடாது. இவ்விரண்டும் அழகுக்காகவே அன்றித் தேவைக்காக அல்ல என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

இனிச் சைலன்சர். உள்தகடுகளை நீக்கியதால் வலிமை கூடிற்று என்று அவர் நம்பினார். கூடியது ஓசைதான். புகை வெளியேறும் வழியின் தன்மைக்கு ஏற்பவே காற்றும் பெற்றோலும் கலக்கும் அளவு அமைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் எஞ்சின் சூடேறும். “உம் தந்தையார் நோயாளி, உம்முடைய தெருவில் இன்னும் எத்தனை நோயாளர் உறங்குகின்றனர் என்று எண்ணிப் பார்த்தீரா?” என்று கேட்டோம். தலை குனிந்தார். அப்பழைய தகடுகளை எறியாமல் வைத்திருப்பதாக மெல்லச் சொன்னார். எறியாமல் வைத்தாரே, அதில் அவருடைய நல்லறிவு தெரிந்தது.

முடிவில் நாம் கூறியது இதுதான். “பற்சக்கர வேலைக்கு மெக்கானிக்கிடம் போம். கூலியைக் குறைக்கச் சொல்லி வாதாடாதீர். மாறாக, வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்க இசைவு கேளும். ஸ்பானரை எடுத்துக் கொடும். எந்த ஆணி எங்கே போகிறது, ஏன் போகிறது என்று பணிவுடன் கேளும். அடுத்தமுறை சங்கிலியைத் தளர்த்தி இறுக்குதல், எண்ணெய் இடுதல், பிளக்கைத் துடைத்தல், ஒயில் மாற்றுதல் ஆகியவற்றை நீரே செய்வீர். அப்பொழுது இன்று கொடுத்த பணத்தில் பாதி கூலி, மறுபாதி கல்விக் கட்டணம் என்பது விளங்கும்.”

எல்லா மெக்கானிக்கும் பக்கத்தில் நிற்க விடுவாரோ என்று சிலர் ஐயுறலாம். நல்ல தொழிலாளி தன் வேலையை மறைக்கமாட்டான். கேட்பவன் மதித்துக் கேட்டால் மகிழ்ந்தே சொல்வான். மறைப்பவரிடம் வண்டியை விடாமலிருக்க அதுவே போதிய காரணம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை வண்டியைத் தொட்டால் கை அழுக்காகும் என்று தடுக்காதீர்கள். அழுக்கைச் சவர்க்காரம் போக்கும், அறியாமையைப் போக்காது. பெண்பிள்ளைகளையும் விலக்கவேண்டா. சங்கிலி எவ்வளவு தளர்ந்திருக்கலாம், ரயரில் காற்று எவ்வளவு வேண்டும், பிரேக் எப்பொழுது தேய்ந்தது என்பவற்றை, வண்டியில் ஏறும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பின்னிருக்கையில் அமர்பவரும் அந்தப் பிரேக்கை நம்பித்தானே அமர்கிறார்!

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் செய்தி வருவது அங்கேதான். சற்று அப்பால் ‘தெரிந்து வினையாடல்’ என்று, தக்கவனைத் தேர்ந்து வேலையை ஒப்படைப்பதற்கும் ஓர் அதிகாரம் வைத்தார். தன் வலியை அறிதலும், தகுந்தவரை அறிதலும் ஆகிய இரண்டும் வேண்டும் என்பது அப்பெருமகனார் கருத்து. கை எவருடையதாயினும் ஆகுக. கண் நம்முடையதாக இருக்கவேண்டும்.

இளைஞர் விடைபெற்றபோது, நம் மேசை அறையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தோம். உள்ளே ஒரு பிடி பிளவுக் கம்பிகள். அந்த விபத்துக்குப்பின் நாம் வாங்கியவை. இன்றைக்கும் ஒன்றின் விலை ஒரு தேநீரின் விலைக்கு எட்டாது. அவர் வண்டியை உயிர்ப்பிக்காமலே வாசலிலிருந்து தெருமுனைவரை தள்ளிச் சென்றார். எதிர்வீட்டில் ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது.